தென்றல் மெதுவாய் அடித்தபோது: ஓர் ஒலி வேதாகமச் செயலியைக் கேட்ட அனுபவம்

தமிழ் ஒலி வேதாகமச் செயலி ஒன்றை எட்டு மாதங்களாகக் கேட்டு வருகிறேன். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை 66 புத்தகங்களும், அவற்றின் 1189 அதிகாரங்களும் முழுமையாகப் பதிவாகியிருக்கின்றன. நிகழ்வை விவரிப்பதற்கு ஒருவர், பேசுகிற ஒவ்வொருவருக்கும் தனிக்குரல், ஆங்காங்கே பின்னணி இசை என்று நாடகப் பாணியில் அமைந்த பதிவு இது. குறைகளையும் ஒளிக்காமல் எழுதவேண்டியிருப்பதால் தயாரித்தவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை.

ஒலியின் தரம், வாசிப்பின் வேகம், உச்சரிப்பு ஆகியவற்றில் எனக்குக் குறை இல்லை. அவற்றை அந்த அளவோடு விட்டுவிடுகிறேன். நான் இதைக் கேட்கத் தொடங்கியது வேறொரு கேள்வியோடு. வேதத்திலுள்ள எச்சரிப்புகளை இந்தக் குரல்கள் எப்படி வாசிக்கின்றன? இரட்சிப்பு என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் எதிலிருந்து இரட்சிப்பு என்று கேட்டால், அதற்கு விடை சொல்வது எச்சரிப்பின் வசனங்கள்தாம். அந்த வசனங்கள் முதலில் மனிதர்களை எட்டியதும் காதின் வழியாகத்தான். தீர்க்கதரிசிகள் தெருவில் நின்று சொன்னார்கள், அப்போஸ்தலரின் நிருபங்கள் சபை நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில், உங்கள் இருதயங்களைக் கடினப்படுத்தாதிருங்கள்" என்ற வேண்டுகோளை எபிரெயர் நிருபம் 3, 4 ஆகிய இரண்டு அதிகாரங்களுக்குள் மூன்று முறை நினைவுபடுத்துகிறது. ஆகவே இவற்றைப் பதிவு செய்பவருக்குப் பெரிய பொறுப்பு உண்டு. கண்ணால் வாசிக்கும்போது தொனியை நாமே தீர்மானித்துக்கொள்கிறோம். ஒலிப்பதிவிலோ அதை இன்னொருவர் நமக்காகத் தீர்மானித்துவிடுகிறார்.

இந்தச் செயலியில் மிகச் சிறந்த பதிவு எது என்று கேட்டால், தயங்காமல் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம் என்பேன். கைதியான பவுலை ரோமாபுரிக்குக் கொண்டுபோகும் கப்பல், கிரேத்தாதீவில் "நல்ல துறைமுகம்" என்னப்பட்ட இடத்தில் நிற்கிறது. கடற்பயணத்துக்கு உகந்த காலம் கடந்துவிட்டது. மேலே போனால் சரக்குக்கும் கப்பலுக்கும் மாத்திரமல்ல, உயிருக்கும் சேதம் வரும் என்று பவுல் சொல்கிறார். கைதிகளுக்குப் பொறுப்பான ரோமப் படை அதிகாரி, நூற்றுக்கு அதிபதியாகிய யூலியுவோ, பவுல் சொன்னதைப் பார்க்கிலும் மாலுமியையும் கப்பல் எஜமானையும் அதிகமாய் நம்பினான். பல பிரசங்கங்களில் இந்த மனிதனை மூடனாகச் சித்தரித்துக் கேட்டிருக்கிறேன். இந்தப் பதிவில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் அப்படிச் செய்யவில்லை. நிதானமும் மரியாதையும் உள்ள ஓர் அதிகாரியாகவே அவனைப் பேசவைத்திருக்கிறார், அதுவே வேதம் காட்டும் யூலியு. சீதோனில் பவுலைத் தன் நண்பர்களிடம் போய்வர அனுமதித்தவன் அவன். அவன் எடுத்த முடிவும் மேலுக்குப் பார்த்தால் நியாயமானதே: கடலை அறிந்தவர்கள் ஒரு பக்கம், விலங்கிட்ட கைதி மறுபக்கம், துறைமுகம் மழைகாலத்தில் தங்குவதற்கு வசதியானதல்ல, பெரும்பாலானவர்களின் ஆலோசனையும் புறப்படுவதற்கே சாதகமாக இருந்தது.

அதற்குப் பின் வரும் 13ஆம் வசனத்தை வாசிப்பவர் கையாண்ட விதம்தான் என்னை நிறுத்தியது. தென்றல் மெதுவாய் அடித்ததினால், தாங்கள் எண்ணியது கைகூடிவந்தது என்று நினைத்து அவர்கள் புறப்பட்டார்கள் என்கிற அந்த வரியை அவர் இளைப்பாறுகிற ஒருவரின் குரலில், ஏறக்குறைய புன்னகையோடு வாசித்து, இரண்டு நொடி அமைதி விடுகிறார். இசை இல்லை, இடி இல்லை. அந்த அமைதிக்குள் என் வாழ்க்கையின் எத்தனையோ தென்றல்கள் நினைவுக்கு வந்தன. எச்சரிப்பைக் கேட்ட மறுநாளே புயல் வந்தால் யாரும் அதை மறக்கமாட்டார்கள். மறுநாள் வானம் தெளிவாக இருப்பதால்தான் மறக்கிறோம். பிறகு யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதுகிறது, பல நாளாய்ச் சூரியனும் நட்சத்திரங்களும் தெரியவில்லை, தப்பிப் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகிறது. அந்த நிலையில் பவுல் எழுந்து, என் சொல்லைக் கேட்டுப் புறப்படாமல் இருந்திருக்கவேண்டும் என்று சொல்கிறார். "நான் அப்போதே சொன்னேனே" என்ற வெற்றித்தொனி அந்தக் குரலில் துளியும் இல்லை. குற்றத்தை நினைவூட்டிய அதே மூச்சில், "ஆகிலும், திடமனதாயிருங்கள்" என்று வருகிறது. கப்பற்சேதமேயல்லாமல் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது என்ற வாக்கும் வருகிறது.

இந்த அதிகாரத்தைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்லவேண்டும். பதினாலாம் இராத்திரியில் மாலுமிகள் படகை இறக்கித் தப்பியோடப் பார்க்கிறார்கள். அப்போது பவுல், இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியை எச்சரிக்கிறார். இங்கே "தப்பிப் பிழைக்க" என்று தமிழில் வரும் வினைச்சொல்லும், 16ஆம் அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரன் நடுங்கிக்கொண்டே "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கும்போது வரும் வினைச்சொல்லும் கிரேக்க மூலத்தில் ஒன்றே. அதன் பெயர்ச்சொல்லாகிய "ஸோட்டேரியா", நாம் இரட்சிப்பு என்று மொழிபெயர்க்கும் அதே சொல், இந்த அதிகாரத்தின் 34ஆம் வசனத்திலும் இருக்கிறது. தமிழில் இந்த இணைப்பு மறைந்துவிடுகிறது. செயலியில் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் முன்னால் ஒரு சிறு முன்னுரை ஒலிக்கிறது. அங்கே இதைச் சொல்லியிருந்தால், இரட்சிப்பு என்பது மூழ்குகிறவனைக் கரைசேர்க்கும் செயல் என்பது கேட்பவருக்கு விளங்கியிருக்கும். முதல் எச்சரிப்பைத் தள்ளிய யூலியு இந்த முறை கேட்டான். சேவகர் படகின் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளின்மேலும் உடைந்த கப்பல் துண்டுகளின்மேலும் தொற்றிக்கொண்டும் 276 பேரும் கரைசேர்ந்தார்கள்.

அடுத்ததாக எரேமியா 36ஆம் அதிகாரம். தீர்க்கதரிசியாகிய எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய எச்சரிப்பின் சுருள், ஒரே நாளில் மூன்று முறை வாசிக்கப்படுகிறது: முதலில் ஆலயத்தில் மக்கள் முன், பிறகு பிரபுக்கள் முன், கடைசியில் குளிர்காலத்து அரண்மனையில் ராஜாவாகிய யோயாக்கீம் முன். ராஜாவுக்கு வாசித்துக்காட்டிய யெகுதி என்பவன் மூன்று நாலு பத்திகளை வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அவற்றை அறுத்துக் கணப்புத்தீயில் போடுகிறான். சுருள் முழுவதும் வெந்துபோகும் வரைக்கும் அப்படியே செய்கிறான். இங்கே ஒலிப்பதிவாளர்கள் நெருப்பு சடசடக்கும் ஓசையை மட்டும் மெதுவாகச் சேர்த்திருக்கிறார்கள். யெகுதியின் குரல் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் கொஞ்சம் தயங்கித் தொடர்கிறது. மிக நுட்பமான வேலை. ராஜாவும் அவனுடைய ஊழியரும் பயப்படவுமில்லை, வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளவுமில்லை என்று அடுத்த வசனம் சொல்லும்போது, அவனுடைய தகப்பனாகிய யோசியாவின் நினைவு வராமல் போகாது. நியாயப்பிரமாண புஸ்தகத்தின் வார்த்தைகளைக் கேட்டபோது தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டவன் அவன் (2 இராஜாக்கள் 22). எபிரெய மூலத்தில் தகப்பன் வஸ்திரத்தைக் கிழித்ததற்கும் மகன் சுருளை அறுத்ததற்கும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது. எச்சரிப்பின் முன்னால் ஏதோ ஒன்று கிழிந்தே தீரும் என்று அந்த ஆகமத்தை எழுதியவர் நினைத்தார் போலும். சுருள் எரிந்ததால் ஒன்றும் மாறவில்லை. அதே வார்த்தைகள் மறுபடியும் எழுதப்பட்டன, இன்னும் பல வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன.

இனி குறைகள். எசேக்கியேல், யோனா, எபிரெயர் ஆகிய மூன்றிலும் பதிவு தடுமாறுகிறது. "இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்" என்று யோனா நினிவே நகரத்தாருக்குச் சொன்னது எபிரெயத்தில் ஐந்தே சொற்களால் ஆன பிரசங்கம். அதை முரசொலியோடும் எதிரொலியோடும் முழங்க வைத்திருக்கிறார்கள். கேட்கும்போது நெஞ்சு அதிர்வது உண்மை, ஆனால் நினிவே மனந்திரும்பியது ஒலியின் அதிர்ச்சியால் அல்ல. நாற்பது நாள் என்ற தவணை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அழிக்கவே தீர்மானித்தவர் தவணை கொடுப்பானேன், ஆள் அனுப்புவானேன் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஒருவேளை தேவன் மனஸ்தாபப்படுவார், யாருக்குத் தெரியும் என்று அவர்களுடைய ராஜாவே சொல்கிறான். அந்த "ஒருவேளை" என்னும் சொல்லில்தான் அந்தப் புத்தகத்தின் நம்பிக்கை முழுவதும் தங்கியிருக்கிறது. பதிவில் அது இசைக்குள் அமிழ்ந்துபோகிறது.

எசேக்கியேல் 33இல் காவற்காரனைப் பற்றிய பகுதியும் அவ்வாறே. பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரன் இரத்தப்பழிக்கு உத்தரவாதி. ஊதியபின் எச்சரிக்கையாயிராதவன் தன் பழியைத் தானே சுமப்பான். இதைக் கடுமையாக வாசிப்பது நியாயமே. ஆனால் 11ஆம் வசனத்தில் தேவன் தம் ஜீவனைக்கொண்டு ஆணையிட்டு, துன்மார்க்கனுடைய மரணத்தை விரும்பாமல் அவன் திரும்பிப் பிழைப்பதையே விரும்புகிறேன் என்று சொல்லி, திரும்புங்கள், திரும்புங்கள் என்று இருமுறை கெஞ்சுகிறார். அங்கேயும் அதே கோபக்குரல் தொடர்ந்தால், கேட்பவன் தேவனைப் பற்றித் தவறான ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். எபிரெயர் 6இலும் இதே குறைதான். மறுதலித்துப்போனவர்களைப் பற்றிய அச்சமூட்டும் வசனங்களுக்குப் பின் 9ஆம் வசனத்தில் "பிரியமானவர்களே" என்று நிருபம் திடீரென இளகுகிறது. அந்த நிருபம் முழுவதிலும் இந்த இடத்தில் மட்டுமே அப்படி அழைக்கிறார். வாசிப்பவர் அந்தச் சொல்லை வேறு எந்தச் சொல்லையும் போலக் கடந்துபோகிறார்.

எச்சரிப்பை எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு வேதத்திலேயே அளவுகோல் இருக்கிறது. எபேசு சபையின் மூப்பரிடம் விடைபெறும்போது பவுல், மூன்று வருஷகாலமாய் இரவும் பகலும் கண்ணீரோடே புத்திசொன்னேன் என்கிறார். லூக்கா 19இல் ஆண்டவராகிய இயேசு எருசலேமைக் கண்டு அழுதபடியே அதன் அழிவை முன்னறிவிக்கிறார், கி.பி. 70இல் அது ரோமப் படைகளால் நிறைவேறியது. இந்த லூக்கா பகுதியை இதே செயலி மிகச் சரியாகச் செய்திருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம் செய்தவன் ஆவேன். ஆண்டவருக்குக் குரல் கொடுத்தவர் ஒரு சொல்லையும் உயர்த்தவில்லை, வாக்கியத்தின் நடுவில் குரல் உடைகிறது, அவ்வளவே. அப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் எசேக்கியேலில் ஏன் செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வேதப் பதிவில் இல்லை. அதனோடு சேர்த்துக் கொடுத்திருக்கும் "அனுதின வாக்குத்தத்தம்" என்னும் பகுதியில் இருக்கிறது. காலையில் கைப்பேசியைத் திறந்ததும் ஒரு வசனத்தை இனிமையான இசையோடு அது வாசிக்கிறது. எட்டு மாதங்களில் ஓர் எச்சரிப்பு வசனத்தைக்கூட நான் அதில் கேட்கவில்லை. அதையாவது தேர்வு என்று பொறுத்துக்கொள்ளலாம். ரோமர் 6:23ஐ அவர்கள் செய்தது பொறுக்கமுடியாதது. "தேவனுடைய கிருபைவரமோ" என்று தொடங்கி நித்தியஜீவனைச் சொல்லி முடித்தார்கள். "பாவத்தின் சம்பளம் மரணம்" என்ற முன்பாதி இல்லை. அந்த "ஓ" என்னும் விகுதி எதற்கு எதிராக நிற்கிறது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? எரேமியா 29:11ஐயும் அப்படியே கொடுத்தார்கள்: சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற ஆறுதலான வசனம் அது. பல ஆண்டு எச்சரிப்புகளைக் கேளாமல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் வரி அது. எழுபது வருஷம் நிறைவேறின பின்பே விடுதலை என்று அதற்கு முந்தின வசனம் சொல்கிறது. யோவான் 3:16 பலமுறை வந்தது; தேவனுடைய கோபம் அவன்மேல் நிலைநிற்கும் என்று முடியும் 3:36 ஒருமுறையும் வரவில்லை.

யோயாக்கீமின் சூரிக்கத்தியை நினைத்துக்கொள்கிறேன். அவன் வெறுப்பினால் அறுத்தான். இவர்கள் அன்பினால், கேட்பவர் மனம் நோகக்கூடாதே என்ற நல்லெண்ணத்தினால் அறுக்கிறார்கள். கைக்கு வராமல் போகும் வார்த்தைகள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரியானவை. சமாதானமில்லாதிருந்தும் சமாதானம், சமாதானம் என்று சொல்லிக் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்று எரேமியாவே தம் காலத்துப் போதகரைக் குறித்து வருந்துகிறார். தன் நோயை அறியாதவனுக்கு மருந்தின் பெயர் வெறும் சத்தம். வனாந்தரத்தில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்களால் கடிபட்டவர்கள்தாம் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தை நோக்கிப் பார்த்தார்கள். அந்தச் சம்பவத்தைத்தான் ஆண்டவர் தம் சிலுவைக்கு அடையாளமாக நிக்கொதேமுவிடம் சொன்னார், அதுவும் யோவான் 3:16க்கு முந்தைய இரண்டு வசனங்களில்.

இதை இவ்வளவு அழுத்தமாக எழுதுவதற்கு என் சொந்த வாழ்க்கை காரணம். விசுவாசக் குடும்பத்தில் பிறந்து, வாக்குத்தத்த வசனங்களைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தேன். எச்சரிப்பின் வசனங்கள் மற்றவர்களுக்கானவை என்று நினைத்தேன். சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, மனந்திரும்பாமற்போனால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்று ஆண்டவர் கேட்டவர்களிடமே விரலைத் திருப்பிய இடம் என் காதில் விழுந்ததே இல்லை. இளமையில் ஒருமுறை ஒரு செய்தியைக் கேட்டு உள்ளம் கலங்கினேன். படிப்பு முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு வேலை, பிறகு குடும்பம். கலக்கம் அடங்கியதைச் சமாதானம் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்போஸ்தலர் 24ஐ இந்தச் செயலியில் ஒரு நள்ளிரவில் கேட்டேன். நீதியையும், இச்சையடக்கத்தையும், இனிவரும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பவுல் பேசுகையில் தேசாதிபதியாகிய பேலிக்ஸ் பயமடைகிறான். அவன் எதிர்க்கவில்லை, பரியாசம் செய்யவில்லை. சோதோம் அழியப்போகிறது, ஊரைவிட்டுப் புறப்படுங்கள் என்று லோத்து சொன்னபோது அதைப் பரிகாசமாக எடுத்துக்கொண்ட மருமக்களைப் போன்றவன் அல்ல அவன். "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று மட்டும் சொன்னான். பேலிக்ஸின் குரல் அவ்வளவு பண்பாக ஒலித்தது. அது என் குரல். அதன்பின் இரண்டு வருஷம் அவன் பவுலைப் பலமுறை அழைத்துப் பேசியதாகவும், பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணமாக இருந்ததாகவும் வேதம் சொல்கிறது. அவன் மறுபடி பயமடைந்ததாக எழுதப்படவில்லை. நான் பதிவை நிறுத்திவிட்டு, எட்டு அதிகாரங்கள் பின்னால் போய் 16ஐக் கேட்டேன். நிலநடுக்கத்தில் சிறையின் அஸ்திபாரங்கள் அசைந்த அந்த இராத்திரியில், அந்த மணி நேரத்திலேயே, சிறைச்சாலைக்காரன் கேட்கிறான். "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி" என்ற பதிலும் கிடைக்கிறது. விடியும்வரை அவன் காத்திருக்கவில்லை. நானும் அன்றைய இரவு விடியும்வரை காத்திருக்கவில்லை. இருபது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை, கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்படுவது என்பதை, முழங்காலில் நின்று முதல்முறையாக எனக்கென்று கேட்டேன்.

அந்த இரவைக் கருதியே செயலியின் ஓர் அமைப்பை மாற்றும்படி வேண்டுகிறேன். அதிகாரம் முடிந்த மறுகணமே அடுத்த அதிகாரம் தானாகத் தொடங்குகிறது. பேலிக்ஸ் பவுலைக் காவலில் விட்டுப்போகும் வரி முடியும் முன்னே அவனுக்குப் பின் வந்த தேசாதிபதி பெஸ்துவின் கதை வந்துவிடுகிறது. அமைப்புகளுக்குள் தேடினால் இதை நிறுத்தலாம். ஆனால் மூன்று படி உள்ளே ஒளிந்திருக்கிறது, கேட்கிற பலர் அதைக் கண்டுபிடிக்கமாட்டார்கள். அமைதியையே இயல்புநிலையாக வைத்து, தொடர விரும்புகிறவர் தொடரும்படி விடலாம். பின்னணி இசையை அணைக்கும் வசதி முகப்பிலேயே இருப்பது நல்லது. எசேக்கியேலையும் எபிரெயரையும் இசையை அணைத்துவிட்டுக் கேட்டால் குறை பாதியாகிறது. தூங்கும்போது தானாக நிற்கும் நேர அமைப்பும், இணையம் இல்லாமல் கேட்கும் வசதியும் உண்டு.

கண்பார்வை மங்கியவர்களுக்கும், வாசித்துப் பழக்கமில்லாதவர்களுக்கும், வேதத்தைப் பலமுறை வாசித்துப் பழகியதாலேயே அதன் கூர்மையை உணராமல் போனவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். அனுதின வாக்குத்தத்தப் பகுதியை மட்டும் அணைத்துவிடுங்கள். அல்லது அங்கே கேட்ட வசனத்தின் முழு அதிகாரத்தையும் உடனே கேட்டுவிடுங்கள். எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, அப்போஸ்தலர் 27ஐ, இசையையும் தானாகத் தொடரும் அமைப்பையும் நிறுத்திவிட்டுக் கேட்கச் சொல்கிறேன். 13ஆம் வசனத்துக்குப் பின் வரும் அந்த இரண்டு நொடியில் கைப்பேசியைத் தொடாமல் இருங்கள்.